விந்தணு உருவாவதும் ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதங்களும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம் முடிந்து ஒரு வருசம் போனால் போதும், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) விசாரிப்பு தொடங்கிவிடும். "இன்னும் ஒன்றும் இல்லையா?" என்ற அந்த விசாரிப்பு எப்போதுமே மருமகளிடம்தான் போகும். நான் தலவாக்கலைப் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். முன்பு என்னிடம் படித்த பையன்கள், அவர்களுடைய அக்காமார், அண்ணிமார் என்று பலர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து "சேர், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை, வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனால் விந்தணு எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதைத் தமிழில் விளக்கமாகச் சொல்ல முடியும். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

பிள்ளை இல்லை என்றால் பெண்ணைத்தானே முதலில் சோதிக்க வேண்டும்?

இல்லை. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி உலகத்தில் 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார், ஆகவே இது அபூர்வமான விசயமும் இல்லை, யாருடைய சாபமும் இல்லை.

ஆணுக்குச் செய்கிற முதல் சோதனை விந்துப் பரிசோதனை, நம் ஆஸ்பத்திரிகளில் எஸ்.எஃப்.ஏ என்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. பெண்ணுக்கோ ஸ்கேன், இரத்தச் சோதனை, சாயம் ஏற்றிக் குழாயைப் பார்க்கிற எக்ஸ்ரே என்று ஒன்றின் பின் ஒன்றாகப் போகும், அதில் சிலது நன்றாகவே வலிக்கும். அப்படியிருந்தும் மனைவியை இரண்டு வருசம் கிளினிக்குக்கு அலைய விட்டுவிட்டு, கணவன் ஒரு தடவைகூடச் சோதனைக்குப் போகாத குடும்பங்களை எனக்குத் தெரியும். அது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம். சேர்ந்து வாழ்ந்து 12 மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் இரண்டு பேரும் போங்கள். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் 6 மாதத்திலேயே போய்விடுங்கள்.

ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதம் என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கும்: டி.என்.ஏ-யில் இருக்கிற பரம்பரை அலகிலிருந்து தூது ஆர்.என்.ஏ பிரதி எடுக்கப்படும், அந்தத் தூது ஆர்.என்.ஏ-யை வைத்து புரதம் செய்யப்படும். இதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் பிரதி எடுத்த உடனே புரதம் வந்துவிடாது, நடுவில் நிறைய வேலை இருக்கிறது. தூது ஆர்.என்.ஏ-யில் தேவையில்லாத துண்டுகளை வெட்டி மற்றதை ஒட்ட வேண்டும், கலத்தின் கருவிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், கொஞ்ச நாள் வைத்திருப்பதா உடனே பயன்படுத்துவதா என்று முடிவாக வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். இத்தனையையும் நடத்துவது ஆர்.என்.ஏ-யோடு போய் ஒட்டிக்கொள்கிற புரதங்கள்தான். மனித உடலில் இப்படிப்பட்ட புரதங்கள் ஏறக்குறைய 1,500 இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். எல்லா உறுப்பிலும் உண்டு என்றாலும், ஆணின் விதைக்குள் (விரைக்குள்) இவற்றுக்கு இருக்கிற பொறுப்பு ரொம்பவே பெரியது. சிலது விந்துக் கலங்களையும் சூல் கலங்களையும் தவிர வேறு எங்கேயும் வேலை செய்வதே இல்லை.

விந்தணு விசயத்தில் இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். விதைக்குள் மெல்லிய குழாய்கள் சுருண்டு சுருண்டு கிடக்கும், அவற்றின் சுவர் ஓரத்தில் மூலக் கலங்கள் இருக்கும். அவை முதலில் சாதாரணமாகப் பிரிந்து பெருகும், அப்புறம் ஒடுக்கற்பிரிவு நடந்து 46 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 23 ஆகக் குறையும், அதன் பிறகு உருண்டையான கலம் ஒன்று தலையும் வாலும் உள்ள விந்தணுவாக உருமாறும். கடைசி உருமாற்றத்தில்தான் விசேசம் இருக்கிறது. விந்தணுவின் தலை மிகச் சின்னது, அதற்குள் முழு டி.என்.ஏ-யையும் அடக்க வேண்டும். அதனால் டி.என்.ஏ சுற்றப்பட்டிருந்த ஹிஸ்டோன் புரதங்களில் பெரும்பாலானவை வெளியேற்றப்பட்டு, அந்த இடத்தில் புரோட்டமின் என்ற வேறு புரதம் வந்து டி.என்.ஏ-யை இறுக்கிக் கட்டிவிடும். அவ்வளவு இறுக்கமாகக் கட்டிய பிறகு அதிலிருந்து புதிய பிரதி எடுக்க வழியே இல்லை.

அப்படியானால் வால் கட்டவும் தலையைச் செதுக்கவும் தேவைப்படுகிற புரதங்களெல்லாம் எங்கிருந்து வரும்? டி.என்.ஏ பூட்டப்படுவதற்கு முன்பே தூது ஆர்.என்.ஏ-களை எடுத்துச் சேர்த்து வைத்துவிடுகிறது அந்தக் கலம். எலிகளில் புரோட்டமினுக்கான தூது ஆர்.என்.ஏ ஏறக்குறைய ஒரு வாரம் அப்படியே சும்மா இருக்கும், குறித்த நேரம் வந்த பிறகுதான் அதிலிருந்து புரதம் செய்யப்படும். நம் ஆட்களுக்கு ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுவது தெரியும்: பறித்து வந்த கொழுந்தை உடனே ரோலரில் போட மாட்டார்கள், 12 முதல் 18 மணி நேரம் வாட விட்டு, டீமேக்கர் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்து "சரி, போடு" என்று சொன்ன பிறகுதான் போடுவார்கள், முந்தினாலும் பிந்தினாலும் தேத்தூள் கெட்டுவிடும். காத்திருக்க வைத்து நேரம் பார்த்து விடுகிற அந்த வேலையைத்தான் விதைக்குள் ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதங்கள் செய்கின்றன.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் செய்த ஒரு ஆய்வு இருக்கிறது. எலியின் புரோட்டமின் தூது ஆர்.என்.ஏ-யில் "பொறு" என்று சொல்கிற வால்பகுதியை மட்டும் மாற்றிவிட்டார்கள், அதனால் புரோட்டமின் நேரத்துக்கு முன்பே உற்பத்தியாகிவிட்டது. புரதத்தில் எந்தக் குறையும் இல்லை, வந்த நேரம் மட்டும்தான் பிழை. ஆனாலும் டி.என்.ஏ சீக்கிரமே இறுகி, விந்தணு வளர்ச்சி நடுவிலேயே நின்றுவிட்டது.

காத்திருந்த ஆர்.என்.ஏ-யை எழுப்பி விடுவது யார் என்ற கேள்விக்கும் இப்போது பதில் கிடைத்து வருகிறது. 2022-ல் ஷாங்காயைச் சேர்ந்த விஞ்ஞானிகள், எஃப்.எக்ஸ்.ஆர்.1 என்ற ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதம் கலத்துக்குள் சின்னச் சின்னத் துளிகளாகத் திரண்டு, தூங்கிக்கொண்டிருக்கிற தூது ஆர்.என்.ஏ-களைப் புரதம் செய்கிற இயந்திரத்திடம் சேர்க்கிறது என்று எலிகளில் காட்டினார்கள். அந்தத் துளி திரளாமல் செய்தால் ஆண் எலி மலடாகிவிடுகிறது.

டாஸ் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதே, அது என்ன?

இந்தப் புரதக் குடும்பத்தில் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டது இந்த ஒன்றுதான், அதனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1976-ல் இத்தாலியில் தியெப்போலோ, சுஃபார்தி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், விந்தணுவே இல்லாத 6 ஆண்களுக்கு ஒய் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் நுனிப்பகுதி இல்லை என்று கண்டார்கள். விந்தணு உருவாகத் தேவையான ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று அப்போதே சொன்னார்கள். அது என்ன என்று தெரிய இன்னும் ஏறக்குறைய 20 வருசம் ஆனது. 1995-ல் அமெரிக்காவின் டேவிட் பேஜ் குழுவினர் விந்தணு இல்லாத 89 ஆண்களைச் சோதித்தார்கள், 12 பேருக்கு ஒய் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. அந்தத் துண்டில் இருந்த பரம்பரை அலகுக்கு டாஸ் என்று பெயர் வைத்தார்கள். அது செய்கிற புரதம் ஆர்.என்.ஏ-யோடு ஒட்டுகிற புரதம்.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஆண்களின் தகப்பன்மாரைச் சோதித்தபோது அவர்களிடம் அந்தத் துண்டு முழுதாக இருந்தது. அதாவது இது புதிதாக நேர்ந்த இழப்பு. டாஸ் அலகு ஒய் நிறமூர்த்தத்தில் 4 பிரதிகளாக இருக்கிறது, அதைச் சுற்றி ஒரே மாதிரியான நீண்ட வரிசைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தகப்பனின் விதையில் ஒய் நிறமூர்த்தம் பிரதியாகும்போது ஒரே மாதிரி இருக்கிற இரண்டு இடங்கள் தவறாகச் சேர்ந்துவிட்டால், நடுவில் இருந்த ஏறக்குறைய 35 லட்சம் எழுத்துகள் ஒரேயடியாகக் காணாமல் போய்விடும். இதைத் தகப்பனும் செய்யவில்லை, மகனும் செய்யவில்லை. குடி, சின்ன வயதுப் பழக்கம், யாரோ வைத்த கண் என்று சொல்லப்படுகிற எதுவும் இதற்குக் காரணம் இல்லை.

டாஸ் மட்டும்தானா? வேறு புரதங்களும் உண்டா?

நிறைய உண்டு. டாஸுக்கு மூத்த இரண்டு உறவு இருக்கிறது. டாஸ்-எல் 3-ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தேவை. 1997-ல் இதை நீக்கிய எலிகளில் ஆண், பெண் இரண்டுமே மலடாயின. இன்னொன்று பவுல் (BOULE), 2-ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, இந்தக் குடும்பத்திலேயே மிகப் பழையது இதுதான். பழ ஈயிலும் இது இருக்கிறது, அங்கேயும் விந்துக் கலத்தின் ஒடுக்கற்பிரிவுக்குத் தேவைப்படுகிறது. பவுல் கெட்டுப்போன ஆண் ஈக்களுக்கு மனிதனின் பவுல் அலகைக் கொடுத்துப் பார்த்தபோது நின்றுபோயிருந்த ஒடுக்கற்பிரிவு மறுபடி நடந்தது, 2003-ல் வெளியான ஆய்வு இது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிலிர்ப்பு வரும். ஈயும் மனிதனும் பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆனபிறகும் இந்த ஒரு வேலையை அதே புரதம் செய்கிறது.

அப்புறம் பிவி என்ற குடும்பம். நம் டி.என்.ஏ-யில் ஏறக்குறைய பாதி, இடம் விட்டு இடம் தாவுகிற துண்டுகளாலும் அவற்றின் எச்சங்களாலும் ஆனது. விந்துக் கலங்களில் அவை தாவ ஆரம்பித்தால் டி.என்.ஏ சிதறிவிடும். பிவி புரதங்கள் குட்டி ஆர்.என்.ஏ-களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு அந்தத் துண்டுகளைத் தேடி அடக்கி வைக்கின்றன. இந்தக் குட்டி ஆர்.என்.ஏ-கள் 2006-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. ஒய் நிறமூர்த்தத்திலேயே ஆர்.பி.எம்.ஒய் என்று இன்னொன்று இருக்கிறது. தூது ஆர்.என்.ஏ-களைச் சேமித்து வைக்கிற ஒய்.பி.எக்ஸ்.2 இல்லாவிட்டாலும் ஆண் எலி மலடுதான்.

ஆனால் எலியில் கண்ட ஒவ்வொன்றும் மனிதனில் அப்படியே சோதனையாக வந்துவிடவில்லை. இன்றைக்கு வழக்கமாக ஆஸ்பத்திரியில் பார்ப்பது நிறமூர்த்த எண்ணிக்கையும் ஒய் நிறமூர்த்தத்தின் விடுபட்ட துண்டுகளும்தான்.

ரிப்போர்ட்டில் "அசூஸ்பெர்மியா" என்று இருக்கிறது. அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று யாரும் உடனே முடிவு கட்டாதீர்கள். அந்தச் சொல்லின் பொருள், கொடுத்த விந்தில் விந்தணு காணப்படவில்லை என்பது மட்டும்தான். 100 ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படி இருக்கிறது. முதலில் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். திரும்பவும் பூச்சியம் என்றால், விதையில் விந்தணு உருவாகி வெளியே வரும் வழி அடைபட்டிருக்கிறதா, அல்லது உருவாவதே குறைவா என்று பிரித்துப் பார்ப்பார்கள். விதையின் அளவையும் எஃப்.எஸ்.எச் என்ற ஹோர்மோனையும் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அடைப்பு என்றால் ஆபரேஷன் மூலமோ, உள்ளேயிருந்து விந்தணுவை எடுத்தோ வழி செய்யலாம்.

உருவாவதே குறைவு என்றால் இரத்தத்தில் இரண்டு சோதனை. ஒன்று நிறமூர்த்த எண்ணிக்கை, ஏனென்றால் ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருக்கும், இது முக்கியமான ஒரு காரணம். மற்றது ஒய் நிறமூர்த்தத் துண்டுச் சோதனை. இதில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள் உண்டு, எது விடுபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும். டாஸ் இருக்கிற சி பகுதி மட்டும் இல்லை என்றால் சிலருக்கு விந்திலேயே கொஞ்சம் விந்தணு இருக்கும், இல்லாதவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விதையிலிருந்து நுண்ணோக்கி வைத்துத் தேடி எடுக்க முடிகிறது. ஏ பகுதியோ பி பகுதியோ முழுதாக இல்லை என்றால் தேடினாலும் கிடைப்பதில்லை, அதனால் அவர்களுக்கு அந்த ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நகை அடகு வைத்து, சீட்டுப் பிடித்த காசை எடுத்து தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் இந்த இரத்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். வீண் செலவையும் வீண் வெட்டுக்காயத்தையும் அது தவிர்க்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் இது கிடைக்காது. ஆஸ்பத்திரி விசேட வைத்தியரிடம் "ஒய் நிறமூர்த்தச் சோதனை செய்ய வேண்டுமா, எங்கே செய்யலாம்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

எண்ணிக்கை எவ்வளவு இருந்தால் சரி?

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழெல்லையாகச் சொல்லப்பட்டது: ஒரு மில்லிலீற்றருக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்தமாக 3 கோடியே 90 லட்சம், அசைபவை 42 சதவீதம், சரியான உருவம் உள்ளவை 4 சதவீதம். இந்த 4-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது சாதாரணம்தான். இதற்குக் கீழே இருந்தாலும் குழந்தை பிறக்கலாம், மேலே இருந்தாலும் தாமதமாகலாம். எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் கீழே போகும்போதுதான் பரம்பரை அலகுச் சோதனைகளைப் பற்றி யோசிப்பார்கள், ஒய் துண்டுச் சோதனைக்குச் சில புதிய வழிகாட்டல்கள் 10 லட்சத்தை எல்லையாக வைக்கின்றன.

மஸ்கெலியாவிலிருந்து விந்து மாதிரியைக் கொண்டுபோனேன், "அசைவு இல்லை" என்று வந்தது. ஏன்?

உண்மையிலேயே அசைவு இல்லாமல் இருக்கலாம், ஆனால் பாதையும் குளிரும்கூடக் காரணமாக இருக்கலாம். மாதிரி எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்விட வேண்டும், 20 பாகைக்குக் கீழே குளிரக் கூடாது, 37-க்கு மேலே சூடேறவும் கூடாது. நம் பக்கத்தில் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது எவ்வளவு குளிர் என்று உங்களுக்குத் தெரியும், அப்புறம் அட்டன் போய்ச் சேர பஸ் எங்கெங்கே நிற்கும் என்பதும் தெரியும். முடிந்தவரை ஆய்வுகூடத்திலேயே, அவர்கள் கொடுக்கிற அறையில் எடுத்துக் கொடுங்கள், கூச்சமாக இருந்தாலும் அதுதான் சரி. வீட்டில்தான் எடுக்க முடியும் என்றால் பக்கத்தில் ஒரு இடத்தில் தங்கி, போத்தலைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுபோங்கள், ஐஸ் எதுவும் வைக்க வேண்டாம். சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது, அதில் பூசியிருப்பது விந்தணுவைக் கொன்றுவிடும். அதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள், 74 நாள் கணக்கை ஞாபகம் வைத்தால் ஏன் என்று புரியும்.

சூடு விந்தணுவைக் கெடுக்கும் என்கிறார்களே, குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிற நமக்கு நல்லதுதானே?

வெளியே குளிர் என்பதால் கூடுதல் இலாபம் எதுவும் இல்லை. விதை உடம்பைவிட 2 முதல் 4 பாகை குறைவாக இருக்க வேண்டும், எந்த ஊரில் இருந்தாலும் உடம்பு அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் இதிலும் ஒரு ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதம் வருகிறது. குளிர்ந்தால் கூடுகிற சி.ஐ.ஆர்.பி என்ற புரதத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1997-ல் கண்டார்கள். எலியின் விந்துக் கலங்களில் அது இருக்கிறது, விதை சூடேறினால் குறைந்துவிடுகிறது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஆண் குழந்தை பிறந்ததும் இரண்டு விதையும் பையில் இறங்கியிருக்கிறதா என்று குடும்ப நல மருத்துவிச்சியிடம் பார்க்கச் சொல்லுங்கள். இறங்காத விதை வயிற்றுச் சூட்டிலேயே கிடக்கும். 6 மாதத்துக்குள் தானாக இறங்காவிட்டால் சத்திரசிகிச்சை டாக்டரிடம் காட்ட வேண்டும், 18 மாதத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிடுவது நல்லது. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பள்ளிக்கூடம் போகிற வயது வரை விடாதீர்கள்.

தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை செய்கிறேன். அதனால் வருமா?

எல்லா மருந்தையும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு உதாரணம் இருக்கிறது. மண்ணில் இருக்கிற நூற்புழுவைக் கொல்ல டி.பி.சி.பி என்ற மருந்து உலகம் முழுக்கப் பயன்பட்டது. 1977-ல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஒரு தொழிற்சாலையில், தங்களில் யாருக்கும் பிள்ளை பிறப்பதில்லையே என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் கதைத்ததில்தான் விசயம் வெளியே வந்தது. சோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. அது விந்தணுவின் மூலக் கலங்களையே தாக்கியது. வேலையை விட்ட பிறகு சிலருக்குத் திரும்ப வந்தது, சிலருக்கு வரவே இல்லை. பிறகு அது தடை செய்யப்பட்டது.

அந்தத் தொழிலாளர்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் கெட்டிருப்பார்களோ. நீங்களும் கையுறை, முகக்கவசம், நீளக்கைச் சட்டை கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் வெறுங்கையால் மருந்து கலக்கிறதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. மருந்து அடித்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

சொந்தத்தில் கட்டினால் இந்தக் குறை வருமா?

கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். மாமன் மகளைக் கட்டியதால் கணவனுக்கு விந்தணு குறையாது. அந்தக் கணவனின் அப்பா அம்மா நெருங்கிய சொந்தமா என்பதுதான் பார்க்க வேண்டியது. சில விந்தணுக் குறைகள் இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் வெளிப்படும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பிவி வேலைக்கு உதவுகிற டி.டி.ஆர்.டி.9 என்ற அலகில் அப்படி ஒரு குறையை 2017-ல் சொந்தத்தில் கல்யாணம் செய்கிற ஒரு குடும்பத்தில் கண்டார்கள், அங்கே சகோதரர்கள் பலருக்கு விந்தணு இல்லை. ஆகவே அண்ணன் தம்பி இரண்டு மூன்று பேருக்குப் பிள்ளை இல்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். டாஸ் இழப்புக்கும் சொந்தக் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

விந்தணு இல்லை என்றால் ஆண்மை இல்லை என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. குரல், மீசை, உடல் பலம், தாம்பத்திய உறவு இவற்றைப் பார்த்துக்கொள்வது டெஸ்டோஸ்டெரோன் ஹோர்மோன். அதைச் செய்கிற கலங்கள் வேறு, விந்தணு செய்கிற கலங்கள் வேறு. டாஸ் இல்லாத ஒருவர் மற்ற எல்லா விதத்திலும் மற்றவர்களைப் போலவே இருப்பார்.

லேகியம், சத்து மாத்திரை, ஊசி எதாவது உதவுமா?

விடுபட்ட பரம்பரை அலகைத் திரும்பக் கொண்டுவருகிற மருந்து இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. "3 மாதத்தில் எண்ணிக்கை ஏறும்" என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் போகாதீர்கள். ஃபோலிக் அமிலமும் சிங்க்கும் சேர்த்து அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் சோதித்து 2020-ல் முடிவு வந்தது, குழந்தை பிறப்பதில் வித்தியாசம் இல்லை.

டெஸ்டோஸ்டெரோன் ஊசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டவுனில் ஜிம்முக்குப் போகிற தம்பிமார் போடுகிறார்கள். வெளியிலிருந்து அந்த ஹோர்மோன் போனால், மூளை விதைக்கு அனுப்புகிற கட்டளை நின்றுவிடும், விந்தணு உற்பத்தி பூச்சியம் வரைக்கும் இறங்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்காகும். பிள்ளை வேண்டும் என்கிறவர் அதைத் தொடவே கூடாது. சிகரெட்டை விடுங்கள், குடியைக் குறையுங்கள், விதைப்பையில் நரம்பு புடைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கிளினிக்கில் சிங்களத்தில் சொல்கிறார்கள், ரிப்போர்ட் இங்கிலீசில் இருக்கிறது. என்ன செய்வது?

புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ இருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போங்கள், அது மாமியாராக இருக்க வேண்டியதில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் திகதி வரிசையில் வையுங்கள்.

டாஸ் இல்லாதவருக்குச் சிகிச்சையில் மகன் பிறந்தால்?

1992-ல் பிரசல்ஸில் வெற்றி கண்ட முறை இது: ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது. சி பகுதி இல்லாதவர்கள் பலர் இதன் மூலம் தகப்பனாகியிருக்கிறார்கள். பிறக்கிற பெண் குழந்தைக்கு அப்பாவின் ஒய் போவதில்லை, ஆகவே அந்தக் குறையும் போகாது. ஆண் குழந்தைக்கு அதே ஒய்தான் போகும், ஆகவே ஒவ்வொரு மகனுக்கும் அந்த இழப்பு இருக்கும். மற்றபடி பிள்ளை ஆரோக்கியமாக வளரலாம். இதைச் சிகிச்சைக்கு முன்பே கணவன் மனைவி இரண்டு பேரும் டாக்டரோடு உட்கார்ந்து கதைத்துவிட வேண்டும்.

மகனிடம் மறைக்காதீர்கள். சின்ன வயதில் தேவையில்லை, வாலிபனானதும் சொல்லலாம். அப்போது அவன் நேரத்தோடு விந்துப் பரிசோதனை செய்து, கொஞ்சமாவது விந்தணு இருந்தால் உறைய வைத்துச் சேமிப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம், இந்தக் குறை உள்ள சிலருக்கு வயது ஏற ஏற எண்ணிக்கை இன்னும் குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படித் தெரிந்திருந்தால், அவனுக்கு மனைவியாக வருகிறவளைப் பார்த்து லயத்தில் யாரும் ஒன்றும் கேட்காமல் இருக்கவும் அவனே பொறுப்பெடுத்துக்கொள்வான்.